மணி மாட்டாத வண்டி

கையில் மண்ணெண்ணெய் நாற்றம் இன்னும் போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியாயிற்று. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றிலும் அதுதான். நீ இருந்தால், "உனக்கு ஊறுகா எதுக்குய்யா, கையே இருக்குதே" என்று சிரித்திருப்பாய். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. அந்தப் பச்சை சைக்கிளை நேற்று தனியாகத் துடைத்தேன். குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது, நிமிர்ந்தால் முட்டி. முன்பெல்லாம் ஆளுக்கொரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம்.

உன் வீட்டுக்காரி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், போன வாரம் போன் செய்தாள். "அண்ணா, அடுத்த வாரம் அவருக்கு வருஷத் திதி. அந்த வண்டி அன்னிக்கு வூட்ல நிக்கணும்னு ஆசையா கீது. மணி மாட்டிட்டீங்களா?"

நம் சட்டம் அவளுக்குத் தெரியாதா? நாம் தேடி வாங்கித் தூக்கி வந்த பழைய சைக்கிள் எதுவாக இருந்தாலும், அது எங்கே செய்தது, எந்தக் கம்பெனியுடையது என்று நாம் இரண்டு பேரும் ஒத்துப்போன பிறகுதான் அதற்கு மணி. ஒருவன் மட்டும் தலையாட்டினால் போதாது. அதுவரை வண்டி ஊமை.

மற்றவையெல்லாம் மணி வாங்கிக்கொண்டன. இது ஒன்றுதான் இழுத்தடித்தது. வல்லம் பக்கம் ஒரு கொட்டகையில், மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தது. "எந்தக் கம்பெனிங்க?" என்று நீ கேட்டதற்கு அந்த வீட்டுக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். "சைக்கிளு சார். வேற இன்னா?"

திண்டிவனம் வந்து சேர்வதற்குள் நமக்குள் சண்டை. சீமையில் செய்து கப்பலில் வந்தது என்றாய் நீ. பார்ட்ஸ் வாங்கி மெட்ராஸில் பூட்டியது என்றேன் நான். ஹேண்டில்பாருக்குக் கீழே, முன் கழுத்தில் கம்பெனித் தகடு இருந்திருந்தால் பேச்சே இல்லை. தகடும் இல்லை, தகட்டை அடித்த ஆணித் துளையும் இல்லை. இந்த ரக வண்டியில் துளை பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் சீமை, மேலும் கீழுமாக இருந்தால் நம்மூர். "துளையே இல்லாத கழுத்து சீமையில ஏதுய்யா?" என்று மடக்கினேன். "எங்கியோ மறைஞ்சிக்கினு கீது. எனக்குத் தெரியும்" என்றாய். உடும்புப் பிடி. நான் மட்டும் லேசுப்பட்டவனா?

அந்தக் கழுத்தை நாம் சுரண்டிப் பார்க்கவே இல்லை. அந்தப் பச்சை நிறம் கம்பெனியிலேயே அடித்த பெயின்ட் என்பதில் மட்டும் நமக்குள் தகராறு கிடையாது. பழைய பெயின்ட்டைச் சுரண்டுவது பாவம் அல்லவா! பிள்ளைக்குத் தலையில் எண்ணெய் வைப்பதுபோல் தொட்டுத் தொட்டுத் துடைத்தோம்.

நேற்று துணி பட்டு, கழுத்தில் அந்தப் பச்சை ஓரமாகப் பெயர்ந்தது. நகத்தால் நெம்பினேன். அடியில் பட்டி. யாரோ ஒரு மகராசன் துளையைப் பட்டி வைத்து அடைத்து, வீட்டுக் கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சையை மேலே பூசியிருக்கிறான். அதற்குத்தான் இத்தனை வருஷம் எண்ணெய்க் காப்பு நடத்தியிருக்கிறோம், வெட்கக்கேடு! பட்டியைக் குத்தி எடுத்தேன். இரண்டு துளை. பக்கத்தில் பக்கத்தில்.

நீதானய்யா ஜெயித்தாய்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "எனக்குத் தெரியும்" என்று பல்லைக் காட்டுவாயே, அதைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. தோற்றதற்கு நான் அழுதது இதுதான் முதல் தடவை. நீ தலையாட்டியது அன்றைக்கே ஆயிற்று. நான் ஆட்டினால் மணி மாட்டிவிடலாம். மாட்டிவிட்டால், உன்னோடு சண்டை போட எனக்கு வேறு வண்டி இல்லை. தனியாக இன்னொன்றைத் தேடித் தூக்கி வர உடம்பிலும் இல்லை, மனசிலும் இல்லை.

இன்று குட்டியானை வண்டி பிடித்து, விழுப்புரத்திலிருந்து ஏற்றி வந்து உன் வீட்டுக் கூடத்தில் நிறுத்தினேன். துளை தெரியாமல் கழுத்தில் ஒரு முழம் பூவைச் சுற்றியிருந்தேன். சட்டைப் பையில் மணி. கூடவே ஸ்குரூ டிரைவர். மாட்டிவிடுவது என்றுதான் வந்தேன்.

தங்கச்சி ஹேண்டில்பாரைத் தடவினாள். "மணி எங்கண்ணா?"

"இன்னும் ஒத்துப்போகலம்மா" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. "அவன் சீமைங்கிறான். நான் இல்லங்கிறேன்."

என் முகத்தையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டதில்லை. "இன்னும் சண்டதான் போட்டுக்கினு கீறீங்களா ரெண்டு பேரும்!"

கிளம்பும்போது செருப்பு மாட்டக் குனிந்தேன். பாழாய்ப் போன மணி பையிலிருந்து நழுவி, தரையில் விழுந்து கிணிங் என்றது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள்தான் குனிந்து எடுத்தாள். முந்தானையில் துடைத்து என் கையில் கொடுத்தாள்.

"பத்திரமா எடுத்துக்கினு போங்கண்ணா. சண்ட முடிஞ்சா கொண்டாங்க."

மணி என்னிடம்தான் இருக்கிறது. பஸ் குலுங்கும்போதெல்லாம் நெஞ்சில் இடித்துக்கொண்டே வந்தது. ரெண்டு துளை இருந்துவிட்டால் சீமை வண்டி ஆகிவிடுமா? போய்யா.