பெரிய பெட்டியில் கேட்ட சத்தம்

1984, ஆடி, வியாழக்கிழமை

மஸ்கட்டிலிருந்து தம்பி அனுப்பிய கார் ஸ்டீரியோவுக்கு ஸ்பீக்கர் வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். போட்டுக் கேட்பதற்குக் கையில் இருந்தது ஒரே கேசட்தான். கடிதத்துக்குப் பதிலாக அவன் பேசி அனுப்பியது.

கடைக்காரர் முதலில் சின்ன ஸ்பீக்கரில் போட்டார். வீட்டு டேப்ரிக்கார்டரில் தினமும் கேட்கிற அதே குரல். "ஏஸி ஆபீஸ்மா. டைப் அடிக்கிற வேலைதான். ஒரு கஷ்டமும் இல்லே."

"இனி இதைக் கேளுங்கோ சாரே. டிக்கியில வெச்சா அடிச்சத்தம் ஒண்ணும் விட்டுப்போகாது, கேட்டோ," என்று பெரிய மரப்பெட்டிக்கு மாற்றினார்.

அதே வார்த்தைகள்தான். ஆனால் அவற்றுக்கு அடியில் தொம், தொம் என்று எதையோ பூமிக்குள் இடித்து இறக்கும் சத்தம். தெருவில் லாரியோ என்று எட்டிப் பார்த்தேன். இல்லை. கேசட்டை நிறுத்தியதும் அதுவும் நின்றது.

பக்கத்தில் கட்டடம் எழும்புகிறதோ என்னவோ. ஆனால் டைப் அடிக்கிறவனுக்குப் பேச்சின் நடுவே ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது? முன்பும் வாங்கியதா, நான்தான் கவனிக்கவில்லையா?

ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன். அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "என்னடா, வெறுங்கையோட வரே? நல்லதாப் பாத்து வாங்கு. கோவிலுக்குப் போறச்சே அம்பி பேசறதைக் கார்லயே கேட்டுண்டு போகலாமோன்னோ?"

சின்னதே போதும் என்றால் அம்மா நம்பிவிடுவாள்; அதில் அந்தத் தொம், தொம் கேட்காது. பெரிய பெட்டியாகவே வாங்கு என்று அதே கேசட்டில் சொல்லியிருக்கிறானே, அவன் லீவில் வந்து கேட்டால் என்ன சொல்வேன்?