களப்புப் பக்கத்துச் சூரியன்

தோஹா
03.09.2024

அன்பின் மர்ளியா,

அஸ்ஸலாமு அலைக்கும். நான்கு மாதமாக நீர் என் ஃபோனை எடுக்கவில்லை. உம்மைக் கேட்காமல் இன்னும் ஆறு மாதம் இங்கே வேலைக்கு இருக்கக் கையெழுத்து வைத்தது என் பிழைதான். கடிதத்தைக் கட் பண்ண முடியாதே என்று எழுதுகிறேன்.

நான் காவல் நிற்கும் ஓவிய நூதனசாலையில் புதிய கண்காட்சி. பழைய காலத்துப் பயணிகள் வரைந்த கடல்கள், ஏழு மண்டபம் நிறைய. ஒரு மூலையில் பிள்ளைகளுக்கு விரிப்புப் போட்டு வர்ணம் தீட்டக் கொடுக்கிறார்கள். ஐந்தாம் மண்டபத்தில் நம்முடைய கற்பிட்டி தொங்குகிறது. கீழே ‘கற்பிட்டிக் கரை, விடியல்’ என்று பலகை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆலங்குடாவில் பிறந்தவனுக்குத் தெரியாதா, அங்கே சூரியன் கடலில் விழும், எழும்பாது. பொறுப்பாளர் அம்மாவிடம் சொன்னேன். அந்த வாரமே ‘அந்தி’ என்று மாற்றிவிட்டார்கள். அதோடு, ஒக்டோபர் பதினோராம் திகதி வெள்ளிக்கிழமை நானே படத்தின் முன்னால் நின்று பார்வையாளர்களுடன் பேச வேண்டுமாம். காவல்காரன் பேசுவது இங்கே இதுதான் முதல் தடவை.

படத்தின் பிரதி ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். பார்த்தாவது கோபம் தீரட்டும்.

உமது
இஸ்ஸதீன்

குறிஞ்சிப்பிட்டி
24.09.2024

வஅலைக்குமுஸ்ஸலாம்.

கோபம் தீரவில்லை. படத்துக்காகத்தான் எழுதுகிறேன்.

நன்றாகப் பாருங்கள். தூரத்தில் ஒருவர் முழங்கால் தண்ணீரில் நின்று வலை இழுக்கிறார். உங்கள் ஆலங்குடாக் கடலில் அவ்வளவு தூரம் போனவர் நிற்பாரா, மிதப்பாரா? சூரியனுக்குக் கீழே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று இருக்கிறது. நீங்கள் மேகம் என்று நினைத்திருப்பீர்கள். அது அக்கரை வனாத்தவில்லுக் காடு. பிறந்தது முதல் காலையில் வாசலைத் திறந்தால் நான் பார்ப்பது அதைத்தான். இது மேற்கே உங்கள் கடல் அல்ல, ஊருக்குக் கிழக்கே தரைக்குள் கிடக்கும் எங்கள் களப்பு. சூரியன் கிழக்கில் எழும்புகிறது. விடியலேதான்.

“களப்பெல்லாம் ஒரு கடலா, கோழிக்குத் தண்ணி வைக்கிற சட்டி” என்று கல்யாணம் முடித்த நாளிலிருந்து பகிடி பண்ணினீர்கள். உம்மா படத்தைப் பார்த்த உடனேயே, “இது நம்மட துறையெல்லோ, மருமகனுக்குக் கண்ணுக்கு என்ன?” என்று கேட்டா.

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், இரண்டு விஷயத்திலும். இனி அத்தனை பேருக்கு முன்னால் என்ன பேசுவது என்பது உங்கள் பாடு.

மர்ளியா

தோஹா
15.10.2024

அன்பின் மர்ளியா,

அஸ்ஸலாமு அலைக்கும். உமது கடிதம் ஒன்பதாம் திகதி வந்தது. பேச இரண்டு நாள்தான் இருந்தது. பேசாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றும் யோசித்தேன். என்னோடு காவல் நிற்கும் சிலாபத்துக் கில்பட்தான், “மனுசி சொல்றது சரியெண்டா சரியெண்டு சொல்லு மச்சான், வேலை போனா போகட்டும்” என்றான்.

வெள்ளிக்கிழமை நாற்பது பேர் வந்தார்கள். முன்வரிசையில் பொறுப்பாளர் அம்மா. அவரைப் பார்த்தே சொன்னேன்: “இந்தப் பலகை பிழை. பிழை விட்டவன் நான். கண்டுபிடித்தவர் என் மனைவி.” பிறகு வலைக்காரரையும் காட்டையும் தொட்டுவிடாமல் விரலால் காட்டினேன். முதலில் கைதட்டியது அந்த அம்மாதான்.

நேற்றுப் புதிய பலகை மாட்டினார்கள். ‘கற்பிட்டிக் களப்பு, விடியல். இடத்தை அடையாளம் காட்டியவர்: மர்ளியா, குறிஞ்சிப்பிட்டி.’ அதன் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். கடமையில் நிற்கும்போது சிரிக்கக் கூடாது என்பது சட்டம். ஐந்தாம் மண்டபத்தில் என்னால் முடியவில்லை.

இன்னொன்று. டிசம்பருக்குப் பிறகு இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்லிக் கடதாசி தந்திருக்கிறார்கள். பேனையைத் தொடவில்லை. இந்தத் தடவை உம்மைக் கேட்கிறேன்.

உமது
இஸ்ஸதீன்

குறிஞ்சிப்பிட்டி
05.11.2024

அன்பின் மச்சான்,

வஅலைக்குமுஸ்ஸலாம். பலகையின் படத்தை உம்மா ஊர் முழுக்கக் காட்டி முடித்துவிட்டா. தபால்கார நளீம் காக்கா என்னை “நூதனசாலைத் தங்கச்சி” என்றுதான் கூப்பிடுகிறார். வெட்கமாகவும் இருக்கிறது, அதைவிடச் சந்தோஷமாகவும் இருக்கிறது.

கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன். கையெழுத்து வைக்க வேண்டாம். வாருங்கள். வெங்காயத் தோட்டமும் இருக்கிறது, உங்கள் வாப்பாவின் வள்ளமும் இருக்கிறது. இன்றிலிருந்து ஃபோனும் எடுப்பேன்.

கல்யாணம் முடித்து எட்டு வருடம், இங்கே இருந்த நாளெல்லாம் விடியுமுன் சுபஹு தொழுத கையோடு திரும்பப் படுத்துவிடுவீர்கள். எங்கள் கரையில் ஒரு விடியலைக்கூடப் பார்த்ததில்லை. வந்த மறுநாளே உங்களை எழுப்பித் துறைக்குக் கூட்டிப்போவேன். அதற்கு மட்டும் உங்களைக் கேட்க மாட்டேன்.

உங்கள்
மர்ளியா