செவ்வாய்க்கிழமை வைத்த பட்டாணி சூப்

கூஹ்மோ, மார்ச் மாதக் கடைசி

என் செல்ல மகள் ஹெர்த்தாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் மாடுகளும் சுகம், பனி மட்டும் இன்னும் கிளம்ப மனசில்லாமல் வாசலில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே குரோனிங்கனில் நீ சுகமா, உன்னவன் யெல்லே சுகமா, கொட்டிப்போன தலைமுடி திரும்பி வருகிறதா, ஒவ்வொன்றாக எழுது. போனில் தட்டி அனுப்பினால் என்ன என்று கேட்பாய். நான் தட்டுகிறதை எல்லாம் அந்தப் போன் திருத்தித் திருத்தி யாரோ படித்தவள் பேசுகிற மாதிரி ஆக்கிவிடுகிறது. பேனாவுக்கு அந்தத் திமிர் கிடையாது. நான் ஒன்பது வகுப்புத்தான் போனேன், அதிலும் பாதி நாள் தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன் என்பது உனக்குத் தெரியும், பிழை இருந்தால் சிரித்துவிட்டு மேலே படி.

உன் கடிதமும் படமும் வந்து சேர்ந்தன. போன இலையுதிர்காலத்தில் நீ சைக்கிளிலிருந்து மயங்கி விழுந்தாய் என்று யெல்லே போன் பண்ணினானே, அன்றைக்கு எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. உருளைக்கிழங்கும் வெண்ணெயும் வெள்ளை ரொட்டியும் மட்டும் தின்றால் உடம்பு எப்படி நிற்கும், புரதம் போதவில்லை என்று அந்த ஊர் டாக்டர் சொன்னாராம். நானும் அதைத்தான் நீ தவழ்ந்த காலத்திலிருந்து சொன்னேன், டாக்டர் மாதிரி பேர் வைத்துச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். இப்போது தலை சுற்றவில்லை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை என்று நீ எழுதியதைப் படித்ததும் சமையலறையிலேயே ஒரு ஆட்டம் போட்டேன். அப்பாகூட என்னடி ஆச்சு, அடுப்புல கால வச்சிட்டியா என்று கேட்டார். ஆனால் அடுத்த வரிக்குப் போனதும் ஆட்டம் நின்றுவிட்டது. யெல்லேயின் அம்மா தினேக்கே வைத்துக் கொடுக்கிற பட்டாணி சூப்பை வாரா வாரம் இரண்டு கிண்ணம் காலி பண்ணுகிறாயாம். பட்டாணி சூப்! அதோடு விட்டாயா, பட்டாணியில நிறையப் புரதம் இருக்காம்மா, ருசியாவும் இருக்கு, நீயும் ஒரு தடவை வச்சுப் பாரேன் என்று எனக்கே புத்தி வேறு எழுதியிருக்கிறாய்.

அடிப் பாவி மகளே, எனக்கா? இந்த நாட்டில் வியாழக்கிழமை என்றாலே பட்டாணி சூப், அதற்குப் பின்னால் பான்கேக், பள்ளிக்கூடத்திலும் பட்டாளத்திலும் ஆஸ்பத்திரியிலும் அதுதான். நம் வீட்டிலும் நீ பிறந்ததிலிருந்து ஒரு வியாழன் தவறியதில்லை. பட்டாணியை முந்தின நாளே ஊறப்போட்டு, புகை போட்ட பன்றிக்கறியைச் சேர்த்து, கடுகு விழுதும் வெங்காயமும் பக்கத்தில் வைத்துக் கூப்பிட்டால் நீ எங்கே இருப்பாய்? மேசைக்கு அடியில். இதுல தவளைக் கண்ணு மிதக்குதும்மா என்பாய், தோல் தொண்டையில ஒட்டுதும்மா என்பாய், ஒரு வாய் வைத்ததும் கண்ணில் தண்ணீர் விட்டு என்னைக் கொலைகாரியைப் பார்க்கிற மாதிரி பார்ப்பாய். பான்கேக் வந்ததும் மட்டும் மேசைக்கு மேலே மகாராணி முளைத்துவிடுவாள். மீனுக்கு முள், முட்டைக்கு நாற்றம், கறிக்கு நார். சீம்பாலை அடுப்பில் வைத்து எடுத்தால் ஊரே தட்டைத் தூக்கிக்கொண்டு வரும், நீயோ அய்யோ இது ஆடுது என்று ஓடுவாய். என்னடி புடிக்கல, ஏன் புடிக்கல என்று நான் கேட்காத நாள் உண்டா? புடிக்கலன்னா புடிக்கல, அதுதான் உன் பதில். பால்வண்டி ரெய்யோகூட உம் பொண்ணு காத்தக் குடிச்சே வளருது பிர்க்கோ, செலவே இல்ல உனக்கு என்று கேலி பண்ணுவான்.

அந்தத் தினேக்கே அம்மாவிடம் மட்டும் உன் வாய் எப்படித் திறந்தது என்று கேட்கிறேன். அவர் உன்னை எதிரே உட்கார வைத்து, ருசியை விடு, வாயில் வைத்ததும் முதலில் எது உனக்கு ஆகாமல் போகிறது என்று கேட்டாராம். நீயும் ஒரு வாயில் இரண்டு விதமாகத் தட்டுப்பட்டால் எனக்கு ஆகாது, குழம்பில் கட்டி மிதந்தால் ஆகாது, கடித்தால் சத்தம் வர வேண்டும் இல்லையென்றால் அப்படியே வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும், நடுவில் நிற்கிறது எதுவும் ஆகாது என்று பாட்டாகப் பாடினாயாம். அவரும் கொண்டைக்கடலையை மொறுமொறுவென்று வறுத்துக் கொடுத்தாராம், கோழியைப் பொடிசாக அரைத்து உருண்டை பிடித்து வேர்க்கடலைக் குழம்பில் முக்கினாராம், கெட்டித் தயிரில் பழத்தைக் கலக்காமல் தனியாக வைத்தாராம், சூப்பைக் கரண்டி நட்டால் நிற்கிற அளவுக்குக் குழைத்து, கறித்துண்டை வேறு தட்டில் வைத்தாராம். நல்லது. மிகவும் நல்லது. அவருக்கு என் நன்றியைச் சொல்லு. சொல்லும்போது முகத்தைக் கொஞ்சம் சாதாரணமாக வைத்துக்கொள். நீ அனுப்பிய படத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன், உன் கன்னம் உருண்டிருக்கிறது, பார்க்கப் பார்க்கத் தெவிட்டவில்லை. உன் தோளில் கை போட்டு அந்த அம்மா நிற்கிற இடத்தில்தான் காந்தத்தை வைக்க வேண்டியதாகப் போயிற்று, வேறு இடமில்லை. படம் முழுக்க இடம் கிடக்கே பிர்க்கோ என்கிறார் அப்பா. அவருக்குக் கண் சரியில்லை.

இனி நடந்ததைக் கேள். உன் கடிதம் வந்தது திங்கள்கிழமை. வியாழன் வரைக்கும் பொறுக்க என்னால் முடியவில்லை, ராத்திரியே பட்டாணியை ஊறப்போட்டுச் செவ்வாய்க்கிழமை நீ எழுதிய மாதிரியே அந்த அம்மாவின் சூப்பை வைத்தேன். அப்படி என்ன அதிசயம் என்று பார்த்துவிட வேண்டுமே. அவர் உடைத்த பட்டாணி போடுகிறாராம், நம் ஊர்க் கடையில் முழுப் பட்டாணிதான், அதனால் வெந்ததை லிங்கன்பெர்ரிப் பழம் வடிக்கிற சல்லடையில் போட்டு அழுத்தி அழுத்தித் தோலை எல்லாம் எடுத்தேன், தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. சூப் வைத்தால் கை தானாகப் பான்கேக்குக்கு மாவு கரைத்துவிடுகிறது, அதையும் சுட்டேன். அப்பா தொழுவத்திலிருந்து வந்தார், சாப்பிட்டார். பான்கேக்கையும் ஜாம் தடவித் தின்றுவிட்டு எழுந்து, முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் பாத்திரம் தேய்க்கிற கோபத்தில் எங்கே போகிறார் என்று கேட்கவில்லை. மனுஷன் நேராகச் சர்ச்சு மண்டபத்துக்குப் போயிருக்கிறார், பாட்டுக்குழு பயிற்சிக்கு. அந்தப் பயிற்சி வியாழக்கிழமைகளில் அல்லவா? கதவு பூட்டியிருக்கிறது, மற்றவர்கள்தான் தாமதம் என்று நினைத்து அந்தக் குளிரில் வாசலில் நின்று தனியாகத் தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். கடைசியில் ரெய்யோவுக்குப் போன் போட்டு எங்கடா எல்லாரும் என்று சத்தம் போட்டால், அவன் யோவ் யோர்மா, இன்னிக்குச் செவ்வாய்க்கிழமைய்யா, என்னத்தக் குடிச்ச நீ என்று கேட்டிருக்கிறான். இவர் பட்டாணி சூப்பு என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் கடைக்குப் போனால் கல்லாவில் இருக்கிற பெண் என்னைப் பார்த்து, இன்னைக்குப் புதன்கிழமைதானே, எதுக்கும் உங்ககிட்டயே கேட்டுக்கறேன் என்கிறாள். நம் மானம் கப்பலேறி உன் ஊருக்கே வந்திருக்கும்.

அது போகட்டும். மூக்கு சிவந்து போய் வீட்டுக்கு வந்தாரே, என் மேல் பாய்வார் என்று பதிலோடு தயாராக நின்றேன். மனுஷன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அடுப்புப் பக்கம் எட்டிப் பார்த்து, அந்த சூப்பு இன்னும் இருக்கா என்று கேட்டார். ஹெர்த்தா, கல்யாணமானதிலிருந்து என் பட்டாணி சூப்பை அவர் இரண்டாவது தடவை கேட்டதே இல்லை. வைப்பேன், குடிப்பார், எழுந்து போவார். இன்றைக்கு என்ன புதுசா என்றேன். இது நல்லா வழவழன்னு இறங்குது என்றார். நீ எழுதின மாதிரியே பேசுகிறார். அப்பனும் மகளும் சேர்ந்து எனக்குத் தெரியாமல் ஒரே தொண்டையை வைத்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். அப்புறம் சிரித்துக்கொண்டே உனக்குப் பொறாமைடி என்றார். இல்லை என்றேன். பான்கேக் சட்டியை அடுப்பில் ஓங்கி வைத்தேன். பொறாமைதான். சொல்லுகிறேனே, வெட்கமென்ன. உன் வயிறு நிறைய வேண்டும் என்று நான் தெரிந்த சாமி தெரியாத சாமி எல்லாரையும் வேண்டியிருக்கிறேன், அது வேறு ஒருத்தி கரண்டியால் நிறைய வேண்டும் என்று வேண்டவில்லை. எவள் கையால் என்றாலும் நீ தின்றாய், அது போதும் என்று ஒரு பக்கம் மனசு சொல்லுகிறது, இன்னொரு பக்கம் அந்தக் கரண்டியைப் பிடுங்கு என்கிறது. இரண்டு பக்கமும் நான்தான், என்ன செய்ய.

ஈஸ்டருக்கு வரமாட்டேன் என்று எழுதியதைக் கடைசியில் சின்ன எழுத்தில் நுழைத்திருக்கிறாயே, அதைப் பார்க்காமல் விட்டுவிடுவேன் என்றா நினைத்தாய்? அந்த அம்மா உனக்காக முட்டையில் ஏதோ பண்ணுகிறாராம், அதற்காக அங்கேயே இருக்கிறாயாம். முட்டைக்காக! முட்டை வேகிற வீட்டில் மூச்சை அடக்கிக்கொண்டு கோட்டில்லாமல் பனியில் போய் நின்றவள் நீ. சரி, இரு. நன்றாகச் சாப்பிடு, எனக்குக் கோபமில்லை, கொஞ்சம்தான். ஆனால் ஒன்று, இந்த ஈஸ்டர் அவருக்கு, அடுத்த கிறிஸ்துமஸும் அவருக்கு என்று போய்க்கொண்டே இருந்தால் எனக்கு மிஞ்சுவது உன் படமும் காந்தமும்தான். அதனால் ஜூன் மாதம் மிட்சம்மர் திருநாளுக்கு நீ இங்கே இருக்க வேண்டும், யெல்லேயையும் கூட்டிக்கொண்டு வா. ஏரிக்கரையில் தீ மூட்டுவோம், சவுனாவில் ஆவி பிடித்துக் குளிப்போம், அப்பா பாடுவார், கிழமை எது என்று அவருக்கு நான் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். சூப் தோலில்லாமல் இருக்கும். கறி வேறு தட்டில் இருக்கும். இங்கே இனி அப்படித்தான், அப்பாவும் பழையதைக் கேட்கிறதில்லை.

புதுச் செய்தி, நம் பசு மான்ஸிக்கி பெண் கன்று போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளை. அதுவும் மடியைத் தொடாமல் மூன்று நாள் அழிச்சாட்டியம் பண்ணிற்று, பெயர் இன்னும் வைக்கவில்லை, யார் பெயரை வைக்கலாம் என்று அப்பாவிடம் கேட்டேன், உனக்குத் தெரிந்த ஒரு பெயரைச் சொன்னார். பார்சலில் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி இருக்கிறது, பெரியது யெல்லேக்கு. சைக்கிளில் போகும்போது காதை மூடிக்கொள். காலையில் வெறும் காப்பியோடு ஓடாதே, அந்தக் கெட்டித் தயிரைத் தின்றுவிட்டு ஓடு, பழத்தைத் தனியாக வைத்து. கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், உன் கன்னம் இன்னும் உருளட்டும், முடி இடுப்பு வரை வளரட்டும்.

மறந்துவிடாதே, ஒன்றே ஒன்று விசாரித்து எழுது. உன் யெல்லே தன் அம்மா கையால் எதைத் தொடவே மாட்டான்? எல்லாப் பிள்ளைக்கும் ஒன்று இருக்கும். மீனா, ஈரலா, பீட்ரூட்டா, எதுவானாலும் சரி, வாயில் வைத்ததும் முதலில் எது ஆகாமல் போகிறது என்று பக்குவமாகக் கேள், அவன் அம்மா காதில் விழவேண்டாம். மிட்சம்மரில் அதையே இரண்டு கிண்ணம் அவனைக் கேட்டு வாங்கிச் சாப்பிட வைக்கிறேன். அப்புறம் நம் சமையலறை மேசையில் உட்கார்ந்து அவன் தன் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதட்டும். தபால்தலைகூட வாங்கி வைத்துவிட்டேன்.

உன் அம்மா
பிர்க்கோ