உன் கேமராவும் அப்பச்சனுக்கு வந்த மூணு மலர்வளையமும்

ரான்னி
செவ்வாய், மத்தியானம்

என் பின்ஸி மோளுக்கு அம்மச்சி எழுதறது,

இங்க நானும் அப்பச்சனும் கர்த்தர் கிருபையால சுகம். இந்தத் தடவை அதை வழக்கத்துக்கு எழுதல, சர்ச்சுல இருக்கற அத்தனை பேரும் வந்து கண்ணால பாத்து, கையைத் தொட்டுப் பாத்து உறுதி பண்ணிட்டுப் போன சுகம். நீயும் ஜோஜியும் பிள்ளைங்களும் அங்க நல்லா இருக்கீங்கன்னு நம்பறேன், இளையவளுக்கு இருமல் விட்டுச்சா, துளசியும் மிளகும் போட்டுக் காய்ச்சிக் குடு, அந்த ஊர் சிரப்பை நம்பி உக்காராதே. போன்ல பேசறதை விட்டுட்டு அம்மச்சி எதுக்குக் காகிதம் எடுத்தான்னு யோசிப்ப. போன்ல பேசினா அப்பச்சன் பக்கத்துல வந்து காதைத் தீட்டிட்டு நிக்கறாரு, குடும்ப குரூப்ல எழுதினா சிக்காகோ வரைக்கும் போகுது, சிட்-அவுட்ல உக்காந்து பேசினா உன் கேமரா கேக்குது. அதான் அடுக்களையில மிக்ஸிக்குப் பக்கத்துல உக்காந்து எழுதறேன். தெக்கேடத்து லிஜோ ஞாயித்துக்கிழமை அயர்லாந்துக்கு, உங்க கார்க் ஊருக்கே திரும்பறான், மாங்கா அச்சாறோட இதையும் அவன் கையில குடுத்து விடறேன்.

ஏப்ரல்ல அப்பச்சன் குளிமுறியில வழுக்கி விழுந்து, நான் சர்ச்சுல இருந்து வர்ற வரைக்கும் முக்கால் மணி நேரம் அப்படியே கிடந்தாரே, அதுக்கப்புறம் நீ சரியாத் தூங்கறதில்லன்னு ஜோஜி சொன்னாரு. பெத்த பொண்ணு, உன் பயம் எனக்குப் புரியாம இல்ல. ஆனா கேமராவைப் பார்சல்ல அனுப்பிட்டு, முப்பதாம் தேதிக்குள்ள அது வேலை செஞ்சு என் போன்ல வீடு தெரியணும், இல்லன்னா பூட்டிட்டு ரெண்டு பேரும் கோட்டயத்துல அந்த ஏதன் வில்லா முதியோர் இல்லத்துக்குக் கிளம்பணும், இடம் சொல்லி வச்சாச்சுன்னு சொன்னியே, அது அப்பச்சனை என்ன பண்ணிச்சுன்னு உனக்குத் தெரியாது. உன்கிட்ட சரி மோளேன்னு சொல்லிப் போனை வச்சாரு. அப்புறம் போய் ஜாதிக்கா மரத்தடியில ஒரு மணி நேரம் நின்னாரு, கேட்டா காய் எண்ணறேன்னாரு. அது காய்க்கற மாசமே இல்லடி. எனக்கும் சேத்துதான் சொல்றேன், அங்க எல்லா அறையும் ஒரே மாதிரி பெயிண்ட், வேளாவேளைக்கு யாரோ சோறு வைப்பாங்க, நான் அங்க யார்கூட சண்டை போடுவேன்? இந்த வீட்டை விட்டு நான் போக மாட்டேன், அதுக்காகவே இந்த உருண்டைக் கேமராவை எப்படியாவது கண் திறக்க வைக்கணும்னு இறங்கினோம்.

அதுக்கு ஒரு ஆப் வேணுமாம். பெட்டியில அதோட பேரு எறும்பு எழுத்துல. அப்பச்சன் லென்ஸ் வச்சுப் படிச்சுப் போன்ல தேடினா அதே பேருல பதினோரு ஆப், எல்லாத்துக்கும் ஒரு கண்ணு படம், ஒண்ணு நீலக் கண்ணு, ஒண்ணு பச்சைக் கண்ணு, ஒண்ணு வீட்டுக்குள்ள கண்ணு. வில்லேஜ் ஆபீஸ்ல முப்பத்திரண்டு வருஷம் உக்காந்த மனுஷன் சும்மா ஒண்ணை எடுத்துடுவாரா? ஒத்தை நட்சத்திரம் போட்டவன் எழுதினதை மட்டும்தான் படிப்பேன், அவன்தான் உண்மை பேசுவான்னு ரெண்டு நாள் சாப்பாட்டை மறந்து படிச்சாரு. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் ஆள் ஆளாப் பிடிச்சு, உங்க வீட்டுல எந்த ஆப், எந்த ஊர்ல செஞ்சது, எத்தனை வருஷமா இருக்கு, இதுவரைக்கும் ஏதாவது பேர் கெட்டிருக்கான்னு விசாரணை. உனக்கு ஜோஜி வீட்டுக் கல்யாண ஆலோசனை வந்தப்ப இதுல பாதி விசாரிக்கல இந்த மனுஷன். கடைசியில நீலக் கண்ணை இறக்கினாரு. அது உங்க போன்ல இருக்கற பேரையெல்லாம் பாக்கலாமான்னு கேட்டுச்சு, பாக்கக் கூடாதுன்னு அமுக்கினாரு. மைக்கைத் தொடலாமா, தொடக் கூடாது. நீங்க இருக்கற இடத்தைத் தெரிஞ்சுக்கலாமா, உனக்கெதுக்குடா அதுன்னு போனைப் பாத்துக் கத்தினாரு. வாசல்ல வந்து நிக்கற தெரியாத ஆளுக்குச் சொல்ற மாதிரி எல்லாத்துக்கும் வேண்டாம் வேண்டாம்னு அமுக்கினா அது என்ன பண்ணும், தானா மூடிக்கிச்சு. பச்சைக் கண்ணு பிறந்த தேதி கேட்டுச்சு, பள்ளிக்கூடத்துல குடுத்ததா, ஞானஸ்நான சர்டிபிகேட்ல இருக்கறதான்னு அரை நாள் யோசிச்சாரு. முப்பதுக்கு எட்டு நாள்தான் இருக்கு, நீங்க ஆப்புக்கு ஜாதகம் பாத்துட்டு உக்காந்திருங்கன்னு நான் கத்தினேன், நமக்கேதுடி ஜாதகம்னு அதுக்கும் ஒரு பதில்.

அப்பதான் அப்பச்சனுக்கு நித்தியசாந்தி லைவ் ஜிம்சன் ஞாபகம் வந்தான். இந்த ஊர்ல அடக்கம் எல்லாத்தையும் நேரலையில காட்டறவன் அவன்தானே, வெளிநாடு போறவங்க பெட்டி கட்டும்போதே அவன் சேனல்ல சேந்துக்கறீங்களே. கேமரான்னா அவன் கைக்குள்ள அடங்கும்னு கூப்பிட்டோம். வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு வந்தான், ஒரு கல்யாண வீட்டுக்கு வேற போகணும்னு நின்ன கால்லயே நின்னான். பதினோரு ஆப்பையும் பாத்துட்டு, இதெல்லாம் வேண்டாம் அச்சாயா, என் ஆப்புல எல்லாக் கேமராவும் ஏறும், இதையும் ஏத்தி விடறேன், லிங்கை பின்ஸி சேச்சிக்கு அனுப்பினா அவங்க உக்காந்த இடத்துல பாக்கலாம்னு சொல்லி, சிட்-அவுட்ல மாட்டியிருந்த கேமராமேல இருக்கற க்யூஆர் சதுரக் கட்டத்தைப் படம் பிடிச்சான், படமும் வந்துச்சு. அதுல ஒரு இடத்துல பேரு கேட்டுச்சு. கேமராவுக்கு வாசல்னோ முற்றம்னோ பேரு வைக்கலாம்ல? அப்பச்சன் நிமிந்து நின்னு, கிழக்கேமண்ணில் இட்டிச்செறியா, எழுவத்தாறு வயசுன்னு மனு எழுதிக் குடுக்கற மாதிரி சொல்ல, அவனும் அப்படியே போட்டான். அப்பச்சன் போன்ல இருந்து குடும்ப குரூப்ல லிங்கைத் தட்டி விட்டு, தன் போனை அணைச்சுப் பாக்கெட்ல போட்டுட்டு கல்யாண வீட்டுக்கு ஓடினான். அந்த ஆப்புல பேருக்கு முன்னாடி சவ அடக்கச் சடங்குகள் நேரலைன்னு முன்கூட்டியே எழுதி வச்சிருக்கும், அதை மாத்தணும்னு அவனுக்குத் தோணல.

இனி நடந்ததுக்கு நான் பொறுப்பில்ல. அன்னைக்குச் சாயங்காலம் நம்ம வீட்டுல பிரார்த்தனைக் கூட்டம், அதுக்கு முற்றத்துல நீலத் தார்ப்பாய் கட்டி, பிளாஸ்டிக் நாற்காலி வரிசையாப் போட்டாச்சு. நான் வெள்ளைப் புடவை கட்டிட்டு, காத்து வரட்டும்னு சிட்-அவுட்லயே உக்காந்து கூட்டத்துக்கு வர்றவங்களுக்காக ரெண்டு கிலோ சின்ன உள்ளி உரிச்சிட்டு இருந்தேன். கண்ணுல தண்ணி நிக்காம ஊத்துது, முந்தானையால துடைக்கறேன், மூக்கைச் சிந்தறேன், மறுபடி துடைக்கறேன். அப்பச்சன் உள்ள தூங்கறாரு. உலகம் பூரா பாக்கறவன் கண்ணுக்குப் பந்தல் இருக்கு, நாற்காலி இருக்கு, அழற பொண்டாட்டி இருக்கா, அவரை மட்டும் காணோம். பாக்கறவன் என்ன நினைப்பான் நீயே சொல்லு.

கொஞ்ச நேரத்துல சர்ச்சுல சாவு மணி அடிச்சுது. மணியடிக்கற கப்பியார் பாப்பியும் அந்தச் சேனல்லதானே இருக்கான். மணிச் சத்தத்துல அப்பச்சன் எந்திரிச்சு வந்து, யாருடி போனதுன்னாரு, யாரோ தெரியலையே, நம்ம பக்கத்து ஆளா இருந்தா உடனே போகணுமேன்னேன். போய் முகம் கழுவி, அடக்கத்துக்குப் போடற வெள்ளைச் சட்டையை மாட்டிட்டு, பட்டன் போட்டுக்கிட்டே வெளிய வர்றாரு, ஒரு வேன் பின்னாடியா முற்றத்துக்குள்ள ஏறுது. எந்த வண்டி பின்னாடி வந்தாலும் கை காட்டலன்னா அவருக்குத் தாங்காதே, வரட்டும் வரட்டும், கொஞ்சம் இடது, போதும்னு கை காட்டி நிறுத்திட்டு, எங்கடா போற, யாரு போனதுன்னு டிரைவர்கிட்ட கேட்டாரு. கிழக்கேமண்ணில் இட்டிச்செறியா வீடு இதுதானே, குளிர்ப்பெட்டி கொண்டு வந்திருக்கேன், ஆளை எங்க கிடத்தியிருக்குன்னு அவன் கேக்கறான். அதுக்குள்ள பக்கத்து வீட்டுக் குஞ்ஞேலி, என் சோசம்மே, இப்படிப் பண்ணிட்டுப் போயிட்டாரேன்னு மாரடிச்சுக்கிட்டே ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடிச்சா, என் தோளுக்கு மேல அவரைப் பாத்தா, ஒரே அலறல், உள்ளிக் கூடையோட ரெண்டு பேரும் கீழ. பின்னாலயே ஆள் மேல ஆள். மலர்வளையம் மூணு வந்துச்சு, அதுல ஒண்ணு நான் செயலாளரா இருக்கற மாதர் சங்கத்தோடது, என் கையெழுத்து இல்லாமலே வாங்கியிருக்காளுங்க.

அந்த அமளியிலதான் நீ கூப்பிட்ட. போனை எடுத்தது நான் இல்ல, அவரு. ஹலோன்னாரு, யாருன்னு கேட்டாரு. அப்பச்சான்னு ஒரு தடவை கூப்பிட்டு நீ அழுத அழுகை ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டுச்சு. லீவு சொல்லிட்டேன், டிக்கெட் பாத்துட்டேன், நாளைக்கு ராத்திரி வந்துடுவேன், அதுவரைக்கும் அடக்கத்தை வச்சிருங்கன்னு அம்மச்சிகிட்ட சொல்லத்தான் கூப்பிட்டேன்னு அழுதுக்கிட்டே சொன்ன. அதுக்கு அவரு, சரி மோளே, நீ வர்ற வரைக்கும் வச்சிருக்கச் சொல்றேன்னாரு. சுத்தி நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க, அவரும் சிரிச்சாரு. நான் உள்ளியைப் பொறுக்கற சாக்குல குனிஞ்சுக்கிட்டேன்.

ஜிம்சன் போனைத் திறந்து அதை நிறுத்தும்போது எழுநூத்துப் பத்துப் பேர் பாத்தாச்சு. பேங்க் பிரசிடெண்டா இருந்த குரியனுக்கே நானூறுதான்னு அப்பச்சனுக்கு இப்ப நடை மாறிப் போச்சு. கீழ யாரு யாரு என்ன எழுதியிருக்காங்கன்னு கண்ணாடி போட்டு ஒவ்வொண்ணாப் படிக்கறாரு. எவனோ துபாய்ல இருந்து, யார்கிட்டயும் முகம் கோணாத மனுஷன்னு எழுதியிருக்கான், அதை எனக்கு மூணு தடவை படிச்சுக் காட்டினாரு, மூணாவது தடவை நான் எந்திரிச்சு அடுக்களைக்குப் போயிட்டேன். மேலேப்பறம்பில் பேபி வெறும் கைகூப்பற படம் மட்டும் போட்டதுக்கு இன்னும் கோபம், அவன் கல்யாணத்துக்கு நான் மூணு நாள் நின்னேன்டி, நாலு வார்த்தை எழுத அவனுக்கு விரல் இல்லையான்னு. வளையத்தைப் பூக்கடையில திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டாங்க, வீட்டுல வைக்கவும் முடியாது, கொண்டு போய் கல்லறையில அவரோட அப்பா மேல வச்சுட்டு வந்தோம். பிரார்த்தனைக் கூட்டமும் நடந்துச்சு, இத்தனை வருஷத்துல அவ்வளவு கூட்டம் வந்ததே இல்ல.

சரியான ஆப் எதுன்னு கேப்ப. மறுநாள் காலையில நானே போனை எடுத்துக் குரூப்ல மேல மேலத் தள்ளினேன். அப்பச்சன் தினமும் எல்லாருக்கும் அனுப்பற குட்மார்னிங் ரோஜாப்பூ, அதுக்கு மேல ரோஜாப்பூ, அதுக்கும் மேல சூரியோதயம். அதையெல்லாம் தாண்டினா, கேமரா அனுப்பின அன்னைக்கே நீ இந்த ஆப் மட்டும் போடுங்கன்னு எழுதி, அமுக்கினா போதும்னு லிங்கும் வச்சிருக்க. ஆரஞ்சுக் கலர், அதுக்குக் கண்ணே இல்ல. அது கேட்டதுக்கெல்லாம் சரி சரின்னு அமுக்கினேன், கால் மணி நேரத்துல வேலை முடிஞ்சுது. அதுலதான் சனிக்கிழமையில இருந்து நீ எங்களைப் பாக்கற. முப்பதாம் தேதிக்கு மூணு நாள் இருக்கு, உன் நிபந்தனைப்படி ஜெயிச்சாச்சு.

ஆனா மோளே, அதை வச்சு நான் உன்கிட்ட வாதாட வரல. விழுந்தா யாருக்கும் தெரியாதுன்னு பயந்த, விழாமலே அரை மணி நேரத்துல ஊரே முற்றத்துல நின்னுச்சு, போன்ல அழுது முடிச்சதும் அதை நீயும் நேரலையிலேயே பாத்த. அதுக்கு மேலயும் ஏதன் வில்லாதான் நல்லதுன்னு உனக்குத் தோணினா, வா, வந்து அப்பச்சனுக்கு எதிர்ல உக்காந்து அதைச் சொல்லு. அவரு முகத்தைப் பாத்து உன்னால சொல்ல முடிஞ்சுதுன்னா நான் ஒரு வார்த்தை பேசாம பெட்டி கட்டறேன். இதையும் சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. நாலு வருஷமா லீவு இல்ல, டிக்கெட் இல்ல, பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம்னு சொன்ன. செத்துட்டாருன்னதும் பத்து நிமிஷத்துல ரெண்டும் கிடைச்சுதே. குத்திக் காட்டறேன்னு நினைக்காதே, குத்தித்தான் காட்டறேன்.

கர்த்தர் உன்னையும் ஜோஜியையும் பிள்ளைங்களையும் கண்ணுக்குள்ள வச்சுக் காக்கட்டும். ராத்திரி டியூட்டி முடிஞ்சு தனியா நடந்து வராதே, அச்சாறு பாட்டில்ல ஈரக் கரண்டி போடாதே. ஒரு விஷயம் மட்டும் உடனே பதில் எழுது. நான் எழுதறது அவருக்குத் தெரியாது, ஆனா வெள்ளிக்கிழமையில இருந்து தினமும் காபி குடிக்கும்போது என்கிட்ட கேக்கறாரு, அன்னைக்கு அவ சொன்ன அந்த லீவை ரத்து பண்ணிட்டாளாடி, இல்ல இன்னும் இருக்கான்னு.

முத்தத்தோட,
உன் அம்மச்சி
சோசம்மா