பக்கவாட்டுக் கதவருகே உன் நாற்காலி

என் செல்ல அண்ணாவுக்கு,

நேற்றுச் சாயங்காலம் மல்லேஸ்வரத்தில் தூறல். ஸ்கூட்டரில் வரும்போது பின் சீட்டில் நீ உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. வளைவு வந்தால் என் தோளைப் பிடித்துக்கொள்வாயே, பிடித்த விரலால் தாளமும் போடுவாயே, அந்த விரல்கள் நேற்றும் தட்டின. ஆதி தாளம் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இறங்கிப் போய்விடுவாய் அல்லவா?

நீ போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. வண்டியை விற்கச் சொல்லி என் மகன் தினமும் நச்சரிக்கிறான். முப்பது வருஷம் உன்னைக் கச்சேரிக்குச் சுமந்த வண்டி. நீ விமர்சனம் எழுதிப் பெரிய மனுஷனானாய், நான் டிரைவரானேன். போகட்டும்.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ளாமல் கேள்.

சங்கீத சபையில் உன் நாற்காலியின் முதுகில் உன் பெயரைப் பித்தளையில் பொறித்திருக்கிறார்கள். முதல் வரிசை, கடைசி நாற்காலி, பக்கவாட்டுக் கதவை ஒட்டி. ஏன் அங்கேயே உட்கார்ந்தாய் என்று ஊருக்கே தெரியும். மங்களம் பாடி முடிக்குமுன் அந்தக் கதவு வழியாக நழுவிவிடலாம். பாடினவர்கள் வந்து கும்பிடு போட முடியாது. அவர்கள் முகத்தைப் பார்த்தால் கை இளகிவிடும் என்பாய். சபை காப்பியைக்கூடத் தொட மாட்டாய். "அந்தக் காப்பியைக் குடிச்சா பேனா வழுக்கும்டி" என்பாய். உன் நேர்மை மீது சத்தியமே செய்யலாம். அதுதான் இப்போது என்னைப் பாடாய்ப் படுத்துகிறது.

உன் நினைவு நாளுக்குக் கச்சேரி வைத்திருந்தார்கள். செயலாளர் நாகராஜ் என்னை உன் நாற்காலியில் உட்காரச் சொன்னார். எனக்குக் கூச்சம். இத்தனை வருஷத்தில் நான் அந்த ஹாலுக்குள் உட்கார்ந்ததே இல்லையே. உன்னை இறக்கிவிட்டு, பின்னால் கேன்டீனில் ஜன்னலோரம் காப்பியும் உளுந்துவடையுமாகக் காத்திருப்பேன். எனக்கு அதுதான் சங்கீதம்.

அன்றைக்கு வாசிக்க வேண்டிய வயலின்காரர் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டார். அவசரத்துக்கு வேறொருவரைக் கூப்பிட்டார்கள். மேடையேறியது யார் தெரியுமா? தனலட்சுமி. ஸ்ரீராம்புரம் பெண். அப்பா மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்த்தவர். உனக்கு மறந்திருக்காது. "தனலட்சுமியின் வயலின் பாடகரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது" என்று எழுதினாயே, அவர்தான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை எழுதினாய். அதற்குப் பிறகு அந்த ஹாலுக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை.

உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். காதுக்குள் மிருதங்கம் இடித்தது. வயலினைக் காணோம். வில் போகிறது, வருகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. அண்ணன் எழுதியது எவ்வளவு சரி என்று பெருமையாக இருந்தது, சொல்லிவிடுகிறேன். பிறகு பாடகர் ராகத்தை விரித்துக்கொண்டே போனார். எனக்குக் கொட்டாவி வந்தது. பித்தளையில் உன் பெயரை முதுகில் வைத்துக்கொண்டு கொட்டாவி விடக் கூடாது என்று எழுந்து கேன்டீனுக்குப் போய்விட்டேன்.

காப்பி டம்ளரை வாயருகே கொண்டுபோனேன். அப்போது ஜன்னல் வழியாக அது வந்தது. பாடகர் முடித்து, வயலின் தனியாக எடுத்துக்கொண்டிருந்தது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை எனக்கு. வெளியே தூங்குமூஞ்சி மரத்திலிருந்து மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டும் அதுவும் ஒன்றாகவே விழுந்தன. காப்பி ஆறியது தெரியவில்லை. நம் பழைய வீட்டில் அம்மா குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு வருவது மாதிரி ஒரு வாசனைகூட வந்தது. வயலினுக்கு வாசனை உண்டா? நீதான் சொல்ல வேண்டும்.

ஓடினேன் அண்ணா, உன் நாற்காலிக்கு. அங்கே வயலின் இல்லை. திரும்பக் கேன்டீனுக்கு ஓடினேன். இருந்தது! மூன்றாம் தடவை ஓடியபோது கதவில் நின்ற ஆள், "மேடம், எங்கயாவது ஒரு இடத்துல குந்துங்க மேடம்" என்று கெஞ்சினார். பிறகுதான் கவனித்தேன், உன் நாற்காலி ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. பெட்டி ஹாலைப் பார்த்துப் பேசுகிறது. உனக்குக் கிடைத்ததெல்லாம் பக்கத்திலிருந்த மிருதங்கம் மட்டுமே.

அப்போதுதான் பழைய சண்டை ஞாபகம் வந்தது. பல வருஷம் முன்பு, தனலட்சுமி வாசித்த ஒரு கச்சேரி முடிந்து, ஸ்கூட்டரில், சேஷாத்ரிபுரம் சிக்னலில். "அந்த வயலின் அம்மா இன்னிக்கு ஜோரா வாசிச்சாங்க இல்ல?" என்று கேட்டேன். "வடை தின்னுட்டு விமர்சனம் பண்ணாதே. வண்டியைப் பாத்து ஓட்டு" என்றாய். நான் வாயை மூடிக்கொண்டேன். ஏன் மூடிக்கொண்டேன்? என் காதில் விழுந்தது விழுந்ததுதானே?

போன மாதம் தனலட்சுமியைத் தேடி லிங்கராஜபுரம் போனேன். மாடியில் ஒரு அறை. சர்ச்சில் வாசிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். நான் யாரென்று சொன்னதும் பாயை உதறிப் போட்டார். நாற்காலி, பெட்டி, கேன்டீன் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும்மா. அந்த மூலைக்கு வயலின் போவாது. அந்த ஹால்ல வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப ஏம்மா யாருமே சொல்லல?"

"சாருக்கா? யாரும்மா போய்ச் சொல்றது? உங்களுக்குக் காது கேக்கலன்னு சொல்ற மாதிரி ஆயிடாதா? சார் வந்திருக்காருன்னா மத்தவங்க கொஞ்சம் அந்த மூலை பக்கம் திரும்பி உக்காந்து, ஓங்கி வாசிப்பாங்க. அவ்ளோதான்."

"நீங்க ஏன் திரும்பல?"

அவர் வில்லில் பிசின் தேய்த்துக்கொண்டே இருந்தார். "பாடறவங்க மூஞ்சியைப் பாக்கணும்மா. அதைப் பாக்காம கூட வாசிக்கிறது எப்படி? அடுத்து எங்க போறாங்கன்னு மூஞ்சிலதானே தெரியும்."

கோபம் இல்லையா என்று கேட்டேன். "இல்லன்னா பொய்ம்மா. நிறைய கோவம். சார் எழுதினதைப் பாத்துட்டு எங்கப்பா ஒரு வாரம் பேசல. நான் சரியா வாசிக்கலன்னு நெனச்சிட்டாரு. அப்படியே நெனச்சிட்டே போய்ட்டாரு." பிறகு, "காப்பி குடிப்பீங்களா?" என்றார். குடித்தேன்.

அண்ணா, நீ கெட்டவன் இல்லை. யார் பக்கமும் சாயக் கூடாதென்று ஓரமாக உட்கார்ந்தாய். அந்த ஓரத்துக்குத்தான் தனலட்சுமியின் வயலின் வரவில்லை. உன் பெயர் அவ்வளவு பெரிதாகிவிட்டது, உன்னிடம் வந்து "சார், நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போடுங்க" என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. நான் ஒருத்தி இருந்தேன். எனக்கும் உன்னிடம் பயம்தான் போலிருக்கிறது.

உன் விமர்சனங்களைச் சபை புத்தகமாகப் போடுகிறது. அச்சுக்குப் போகுமுன் நான் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மூன்று விமர்சனங்களும் அதில் இருக்கின்றன. ஒரு குறிப்பு சேர்க்க வேண்டும் என்றேன். நாகராஜ் பதறிவிட்டார். பதறினால் அவருக்குக் கன்னடம் கலந்துவிடும். "பேடா மேடம், வேணாம். இது ஒண்ணு தப்புன்னு போட்டா மத்ததெல்லாம் சரியான்னு கேப்பாங்க. சார் பேரு என்ன ஆகும்? சும்னே மூணையும் எடுத்துடலாம், யாருக்கும் தெரியாது" என்றார்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பத்து நாள் அந்தத் தாள்களைச் சமையலறை மேஜையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தேன். உன் பெயரைக் காப்பாற்றுவதா, அந்தப் பெண்ணின் பெயரையா? நீ இருந்தால் என்ன செய்வாய்? பின் சீட்டில் உன்னைக் கேட்டுக்கொண்டே ஊரெல்லாம் ஓட்டினேன். நீ தாளம் போட்டாயே தவிர பதில் சொல்லவில்லை.

நேற்றுத்தான் கையெழுத்துப் போட்டேன். மூன்றையும் எடுக்கவில்லை. ஒரு எழுத்தும் மாற்றவில்லை. கீழே நான் எழுதியது இவ்வளவுதான்: "இதை எழுதியவரின் நாற்காலிக்கு வயலின் சத்தம் எட்டாது. அங்கே உட்கார்ந்து பார்த்த பிறகே இதைச் சொல்கிறேன். அந்தக் கச்சேரிகளின்போது நான் கேன்டீன் ஜன்னலோரம் இருந்தேன். தனலட்சுமி அருமையாக வாசித்தார்." சங்கீதம் தெரியாத நான் எழுதிய முதல் விமர்சனம் இது. பேனா வழுக்கவில்லை.

அதைத் தனலட்சுமிக்குப் போனில் படித்துக் காட்டினேன். மறுபடி ஒரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு, "இதை ஒரு தாள்ல எழுதிக் குடுங்கம்மா. எங்கப்பா போட்டோ கிட்ட வெக்கணும்" என்றார்.

வருகிற ஞாயிறு அதே ஹாலில் அவர் தனியாக வாசிக்கிறார். நாகராஜிடம் நான் போட்ட சண்டையில் மனுஷன் கொஞ்சம் இளைத்தே போனார். உன் நாற்காலியைப் பெயர்த்து, கேன்டீன் ஜன்னலோரம் போடச் சொல்லியிருக்கிறேன். நான் வண்டியைக் கிளப்பியதும் வழக்கம்போல ஏறிக்கொள். காப்பி நம் வீட்டு பிளாஸ்க்கில் எடுத்து வருகிறேன், பயப்படாதே. கடைசி வரை இரு, நழுவாதே. தனலட்சுமி வந்து கும்பிட்டால் நீயும் கும்பிடு.

திரும்பி வரும்போது சேஷாத்ரிபுரம் சிக்னலில் மறுபடி அதே கேள்வியைக் கேட்பேன். இந்தத் தடவை நீ என்ன சொன்னாலும் நான் வாயை மூட மாட்டேன். சத்தியம்.

உன்னைப் பின் சீட்டில் வைத்து வண்டி ஓட்டும்,
உன் ஒரே தங்கை
சாந்தா