பெட்டியும் சாவியும் ஒரே வீட்டில்

என் அன்பு அம்மாவுக்கு, உன் மகள் ஸியோனே எழுதுவது.

ஜோகன்னஸ்பர்க்கில் குளிர் குறைந்துவிட்டதா? நீ வேலை பார்க்கும் வீட்டு அம்மா இப்போதாவது ஞாயிற்றுக்கிழமை உனக்கு லீவு தருகிறாளா? இங்கே மழை இன்னும் வரவில்லை. எல்லாரும் வயலைக் கொத்திப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நம் வெள்ளை ஆடு குட்டி போட்டிருக்கிறது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

சமையல் குடிசையில் அடுப்புக் கங்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். மாமா தூங்கிவிட்டார். போனில் சொல்லலாமே என்பாய். இந்த வீட்டில் இருக்கும் ஒரே போன் அவருடையது. நான் உன்னோடு பேசும்போதெல்லாம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

அம்மா, இப்போதெல்லாம் எனக்குப் பழைய சனிக்கிழமைகள்தான் நினைவுக்கு வருகின்றன. மாவு மில்லுக்குப் பின்னால் நீங்கள் பாய் விரித்து வட்டமாக உட்காருவீர்கள். நடுவில் சேமிப்புக் குழுவின் நீலப் பெட்டி. சாவி வைத்திருக்கும் மூன்று பேரும் எழுந்து போய் ஆளுக்கொரு பூட்டைத் திறப்பீர்கள். நீ எழுந்து போகும்போது உன் இடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு நானும் வருவேன். கூட்டத்தில் சிரித்தால் அபராதம், ஆனால் உனக்கு மட்டும் சிரிப்பு அடங்கவே அடங்காது. "இவ கட்டுற அபராதத்துலயே நாம ஒரு மாடு வாங்கிடலாம்டி" என்று தலைவி தோரிக்கா பெரியம்மா சொன்னாள். "வாங்குங்க அக்கா, அதுக்கும் என் பேரையே வைங்க" என்றாய். அதற்கும் சேர்த்து அபராதம் போட்டார்கள்!

அப்பா நம்மை விட்டுப் போன வருஷம் களிக்கு மாவு இல்லாமல் மாங்காயை வேகவைத்துத் தின்றோமே, அதற்குப் பிறகு குழுவில் கடன் வாங்கி நீ மாவை உருட்டி மந்தாசி பொரித்து விற்க ஆரம்பித்தாய். விடியும் முன்பே எண்ணெய் காயும் வாசனை. நான் வாளியைத் தலையில் வைத்துச் சந்தையில் உன்னிடம் இறக்கிவிட்டுப் பள்ளிக்கு ஓடுவேன். "மந்தாசி வருது, மூக்கைப் பிடிங்கடி" என்று கூடப் படிக்கும் பெண்கள் கேலி செய்வார்கள். அழுதுகொண்டு வந்து சொன்னேன். "நாளைக்கு அவளுகளுக்கு ஆளுக்கொண்ணு குடு, வாய் அடைச்சிரும்" என்றாய். அடைத்துத்தான் போனது. அவர்களில் ஒருத்திதான் இப்போது என் உயிர்த்தோழி ஃபலேசி.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

பெட்டி தூங்கும் வீட்டில் சாவி தூங்கக் கூடாது என்பது குழு தொடங்கிய நாளில் நீங்கள் போட்ட விதி. கூரைக்குத் தீ பிடித்தாலும் பெட்டி பிழைக்கட்டும் என்று, தகரக் கூரை போட்ட லைட்டன் மாமா வீட்டில் வைத்தீர்கள். நீ புறப்பட்டபோது சாவியை என் கழுத்தில் கட்டினாய். "தாய் வர்றவரைக்கும் மக வெச்சிருக்கட்டும்" என்று எல்லாரும் கை தட்டினார்கள். அடுத்த நாள் நான் பாயைச் சுருட்டிக்கொண்டு மாமா வீட்டுக்கு வந்தேன். சாவியும் என்னோடு வந்தது. அது யாருக்குமே தோன்றவில்லை, அம்மா. சின்னப் பிள்ளை எங்கே தூங்கினால் என்ன என்று நினைத்திருப்பார்கள்.

மாமா தவணைக்கு வாங்கி வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிளை, பணம் கட்டவில்லை என்று வியாபாரி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து மாமா சரியாகச் சாப்பிடுவதில்லை. இன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். "கண்ணு, உங்கம்மா சாவியை ஒரு ராத்திரிக்குக் குடு. அந்தப் பூட்டுதான் கெட்டி. மத்த ரெண்டும் சந்தையில வாங்கின மட்டப் பூட்டு, கம்பியால நெம்பினா தொறந்துக்கும். வண்டியை மீட்டு ஓட்டினா, பங்கு பிரிக்கிறதுக்குள்ள திரும்ப வெச்சிடுவேன். பெட்டிக்கு என்ன வாயா இருக்கு, போய்ச் சொல்றதுக்கு?" என்று சிரித்தார். சாவியை ஃபலேசி வீட்டில் மறந்து வைத்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. "நாளைக்கு வர்றப்ப கையில இருக்கணும். மறந்துட்டேன்னு வந்து நிக்காதே" என்றார். அந்தக் குரலை நான் இதுவரை கேட்டதில்லை. அத்தை களியைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ வெந்துவிட்டது. அவள் நிமிரவே இல்லை.

அந்தப் பணத்தை நம்பித்தான் எல்லாரும் உரம் வாங்கக் காத்திருக்கிறார்கள். நீ அனுப்பியதும் அதில்தான் இருக்கிறது. அது போனால் சாவி யாரிடம் இருந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் மாமாவை ஊர்த்தலைவர் முன்னால் நிறுத்துவார்கள். அவர் உன் அண்ணன். வெள்ளம் வந்தபோது என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தவர். இப்போதும் அவர் வீட்டுச் சோற்றைத்தான் தின்கிறேன்.

விடிந்ததும் பள்ளிக்குப் போகும் வழியில் தோரிக்கா பெரியம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிடப் போகிறேன். பரீட்சை வருகிறது, எனக்கு இந்தப் பொறுப்பு வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். மாமா பெயரைச் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா உனக்குப் போன் செய்வாள். நீதான் சாவியைக் கொடுக்கச் சொன்னதாக அவளிடம் சொல்லிவிடு. பெட்டியையும் வேறு வீட்டுக்கு மாற்றச் சொல். அந்த ஒரு பொய்யை எனக்காகச் சொல், அம்மா. மாமாவிடம் எதுவும் கேட்காதே. அவரைத் திட்டாதே.

ஃபலேசியின் அண்ணன் நாளை ராத்திரிப் பேருந்தில் அங்கே வருகிறான். அவனிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் நான் வெறுங்கையோடு மாமாவின் வாசலில் போய் நிற்பேன். இது உன் கைக்கு வரும்போது அந்த நேரம் முடிந்து போயிருக்கும். இருந்தாலும் படித்தவுடன் எனக்காக ஜெபம் பண்ணு. நேற்று, நாளை என்பதெல்லாம் நமக்குத்தானே, கடவுளுக்கு இல்லையே. நீ பிறகு கேட்பதை அவர் முன்னாலேயே கொடுத்திருப்பார்.

கடவுள் உன்னைச் சுகமாக வைத்திருக்கட்டும். சீக்கிரம் சிரித்துக்கொண்டே வா.

உன் மகள்,
ஸியோனே