மீன் சொல்லும் பதில்

என் அன்புத் தொட்டிக்காரிக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. இங்கே நான், அப்பா, நம் மகள் மூவரும் நலம். நீயும் உன் வார்டில் இருக்கும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிறவன் எதற்கு மெனக்கெட்டுக் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பாய். போனைக் கையில் எடுத்தால் அப்பா ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமும் காதை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் முன்னால் நானும் வீராப்பாகப் பேசிவிடுகிறேன். அந்த ஊர் ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருஷம் வேலையில் இருக்கச் சொல்கிறார்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடட்டுமா என்று நீ கேட்டபோதும் அப்படித்தான், எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, தாராளமாகப் போடு என்று சொல்லிவிட்டேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் உன் கடல்மீன் தொட்டி.

கெட்ட செய்தியை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். உன் நீல மீன் போய்விட்டது. நீ விசாரித்தபோது அது பாறை இடுக்கில் தூங்குகிறது என்று மகள் சொன்னாளே, அப்படிச் சொல்லச் சொன்னவன் நான்தான். திட்டுவதென்றால் என்னைத் திட்டு, அவளை விட்டுவிடு.

நீ போன பிறகு கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நீ நகத்தளவு துண்டாக வாங்கி வந்து பாறையில் ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்கு வளர்த்தாயே பச்சைப் பவளம், அது காலையில் விளக்கைப் போட்டதும் விரல் விரலாக விரிந்து ஆடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் பாதிதான் விரிந்தது. பிறகு அதுவும் இல்லை, மூடியே கிடந்தது. பாறையெல்லாம் பாசி. கண்ணாடியைத் துடைத்தால் மறுநாளே மங்கிவிடுகிறது. ஊர்க்காரர்களுக்கெல்லாம் மூக்குக் கண்ணாடி தேய்த்துக் கொடுக்கிறவன், என் வீட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாமல் திருதிருவென்று முழித்தேன்.

ஆளுக்கொரு காரணம் சொன்னோம். அப்பா விளக்கைக் குறை சொன்னார். மகள் தாத்தா கலக்கும் உப்புத் தண்ணீரைக் குறை சொன்னாள். அவர் உப்பு அளக்கும் மீட்டரைத் தொடுவதே இல்லை, ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து சரி என்று தலையாட்டிவிடுவார். அவள் பின்னாலேயே போய் மீட்டரை வைத்துப் பார்த்தால் அதுவும் சரி என்றே காட்டுகிறது, அதில் அவளுக்கு ஒரே எரிச்சல். நான் மோட்டாரைக் கழற்றிப் பார்த்தேன். அதில் கோளாறு ஒன்றும் இல்லை. நான் கழற்றி மாட்டிய பிறகுதான் கடகடவென்று சத்தம் போடுகிறது.

நீல மீன் செத்த அன்று ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு உன் மீன்கடைக்காரரிடம் ஓடினோம். நான் எதற்கு வரணும் என்று சொன்ன அப்பா, நாங்கள் வண்டியைக் கிளப்புவதற்குள் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் தண்ணீரில் ஏதோ சொட்டு விட்டு, நிறத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். வீட்டில் மீனுக்குத் தீனி போடுவது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். அதே நேரத்தில் மகளும் நான்தான் என்றாள். அப்பா மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது. காலையில் கடைக்குக் கிளம்பும்போது நான் போடுகிறேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் மகள் போடுகிறாள். நடுவில், யாரும் இல்லாத நேரத்தில், அப்பா. மற்றவர்கள் மறந்திருப்பார்கள் என்று ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு நம்பிக்கை. அப்பாவை நினைத்துப் பார். நீ இந்தத் தொட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்த நாளிலிருந்து, பொரிச்சுத் திங்க ஆகாத மீனுக்கு இத்தனை உபசாரமா என்று முணுமுணுத்தவர். அவர் கடைக்காரரிடம், எங்க மருமக இருந்தா மறக்காம போடும், இதுங்க ரெண்டும் மறந்துடும், அதான் நான் போட்டேன் என்றார். கடைக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுன்னு சும்மாவா சொன்னாங்க, மிச்சம் விழுந்ததெல்லாம் அழுகித்தான் தண்ணி கெட்டுப்போச்சு என்றார்.

திரும்பி வரும்போது மகள் ஒன்று கேட்டாள். நீ தீனி போடுமுன் நகத்தால் கண்ணாடியைத் தட்டி, சாப்டியா என்று மீன்களை விசாரிப்பாயே, அப்பா, நீயும் அப்படிக் கேட்டுட்டுத்தான் போடுறியா என்றாள். ஆமாம் என்றேன். நானும்தான் என்றாள். தாத்தாவைக் கேட்டதற்கு, எனக்கு வேற வேலை இல்லையா என்று வெடுக்கென்று சொன்னார். மறுநாள் கதவோரம் நின்று பார்த்தேன். குனிய முடியாத முழங்காலோடு குனிந்து, கண்ணாடியைத் தட்டி, சாப்டியாம்மா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மீன்களுக்கு மட்டும் வெட்கமே கிடையாது. யார் கேட்டாலும், எத்தனை தடவை கேட்டாலும், இன்னும் இல்லை என்று வாயைத் திறந்துகொண்டு மேலே வந்துவிடுகின்றன.

இப்போது ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். தொட்டி மூடியில் ஒரு சிவப்புத் துணிக் கிளிப். தீனி போட்டவர் அதை வலது பக்கம் நகர்த்திவிட வேண்டும். அப்புறம் அன்றைக்கு யாரும் தீனி டப்பாவைத் தொடக்கூடாது. வெறுமனே தட்டிக் கேட்டுவிட்டுப் போக அப்பாவுக்கு மட்டும் அனுமதி. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம். மகள் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் பாசியைச் சுரண்டினாள். நேற்றுக் காலை பச்சைப் பவளத்தின் ஓரத்தில் சில விரல்கள் விரிந்தன. முழுசாக இன்னும் இல்லை. ஆனால் பிழைத்துக்கொள்ளும் என்கிறார் கடைக்காரர்.

இனி நீ கேட்ட விஷயம். அந்த வார்டில் உன் குரல் கேட்டால்தான் பிள்ளைகள் மருந்து குடிக்கிறார்கள் என்று நீ சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. அந்த வேலை உனக்குப் பிடித்திருக்கிறது என்பது நீ பேசும்போதே தெரிகிறது. விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வராது. கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். ஆனால் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று நான் சொன்னதை நம்பிப் போட்டுவிடாதே. அது சுத்தப் பொய். உன் இடத்தில் மூன்று பேர் நின்று பார்த்தோம். மூன்று மடங்கு தீனி விழுந்ததே தவிர, நீ செய்தது நடக்கவில்லை.

போனில் நீ எடுத்த எடுப்பில் கேட்பது, சாப்டாச்சா என்பதுதான். நாங்களும் ரோஷக்காரர்கள், ஆச்சு ஆச்சு என்கிறோம். நாளைக்குக் கேட்டுப் பார். யார் பக்கத்தில் நின்றாலும் சரி, நான் மீன் சொல்லும் பதிலைத்தான் சொல்லப் போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேலை வேலை என்று நேரம் தவறிச் சாப்பிடாதே.

இப்படிக்கு,
இன்னும் சாப்பிடாத
உன் வீட்டுக்காரன்